கொட்டுயிர்ப் பாதுகாப்பு வாரம்

கண்ணாடிக்காரர் காலையில் கடை திறக்க வந்தபோது பெயர்ப்பலகையின் இடது கண்ணில் தேனீக்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பெயர்ப்பலகை என்று சொன்னாலும் அது பலகை இல்லை. தகரத்தில் செய்த பெரிய மூக்குக்கண்ணாடி. கடை வாசலுக்கு மேலே சுவரோடு சேர்த்து அறைந்திருந்தது. உள்ளே வெறும் பொந்து. அந்தத் தகரக் கண்ணின் கீழ் விளிம்பில், பழைய தலையணை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் பழுப்பாக ஒரு மொத்தை. கிட்டே போய்ப் பார்த்தால் தலையணை மூச்சு விட்டது.

அவர் தொடைநடுங்கி இல்லை. கொட்டினால் கொட்டிவிட்டுப் போகட்டும் என்கிற ரகம். அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அவர் மனைவிக்குத் தேனீ ஆகாது. போன வருஷம் கொடியில் காய்ந்த துணியோடு வீட்டுக்குள் வந்த ஒரே ஒரு தேனீ அவள் மணிக்கட்டில் கொட்டியது. கொட்டிய இடம் சும்மா இருக்க, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டரம்மா அவளை எழுப்பி உட்காரவைத்துச் சொன்னார்: "அடுத்த தடவை இவ்வளவு நேரம்கூடக் குடுக்காது. பேனா மாதிரி ஊசி ஒண்ணு இருக்கு, எப்பவும் கைப்பையில இருக்கணும். தொடையோட வெளிப்பக்கம், துணி மேலேயே குத்திக்கலாம். குத்தினதும் சரியாயிடுச்சுன்னு வீட்டுல உக்காந்துடாதீங்க. நேரா இங்க வந்துடணும்."

மருந்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஊரில் இருந்த அந்த ஊசிகளையெல்லாம் பொதுமக்களின் நன்மைக்காகக் கொட்டுயிர்ப் பாதுகாப்பு வாரியம் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். அதற்குள் இந்தத் தலையணை வந்து தொங்குகிறது.

வாரியம் அதே தெருவின் முனையில்தான் இருந்தது. ஐந்து மாடிக் கட்டடம். கொட்டுகிற உயிர்களிடமிருந்து மக்களைப் பாதுகாக்கவா, மக்களிடமிருந்து கொட்டுகிற உயிர்களைப் பாதுகாக்கவா என்பது பெயரிலிருந்து தெரியாது. வாரியத்துக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் தேவை வந்ததில்லை. தெருவில் எல்லோரும் சுருக்கமாகக் கொட்டு வாரியம் என்பார்கள்.

"நீ பின்வாசல் வழியா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் கிளம்பினார். பக்கத்திலேயே வாரியம் இருப்பது எவ்வளவு வசதி என்று வழியில் நினைத்துக்கொண்டார். அவர் அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை.

விசாரணை மேசையில் இருந்த அம்மாள் தலைநிமிராமல் கேட்டார்: "கொட்டிடுச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"கொட்டியிருந்தா சிகிச்சைப் பிரிவு, ரெண்டாவது மாடி. கொட்டலைன்னா தடுப்புப் பிரிவு, மூணாவது மாடி. கொட்டும்னு சந்தேகமா இருந்தா மதிப்பீட்டுப் பிரிவு. உங்களுக்கு எது?"

"கொட்டறதுக்கு முன்னாடி எடுத்துடணுங்க."

"எடுக்கறதுக்குப் பிரிவு இல்லை" என்றார் அம்மாள்.

மூன்றாவது மாடியில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டர் தேனீ கூரையிலிருந்து தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்திருந்த தடுப்பு அலுவலர் இவர் சொன்னதைக் கேட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தேனீக் கூட்டமா? உயிரோடவா?" என்றார். ஆமாம் என்றதும் எழுந்து உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்த அத்தனை பேரும் வந்து, பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தவரைச் சூழ்ந்துகொள்வதுபோல் கண்ணாடிக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு பெரிசு, என்ன நிறம், சத்தம் போடுகிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செயலாளர் வந்தார். அவர் சட்டைப் பையில் பேனாக்கள் இடநெருக்கடியில் நின்றன.

"இத்தனை வருஷமா பாதுகாப்பு வாரம் கொண்டாடறோம்" என்றார் செயலாளர். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "ஒரு தடவைகூட நிஜத் தேனீ வந்ததில்லை. எல்லாம் பிளாஸ்டர். போன தடவை தலைவர் ஒரு பஞ்சு பொம்மையைப் பாத்துத்தான் பயந்து காட்டினார்."

"எப்பங்க வந்து எடுப்பீங்க?"

"எடுக்கறதா? பாதுகாப்பு வாரம் அடுத்த மாசம். அதுவரைக்கும் நீங்க பத்திரமா பாத்துக்கணும்."

"அது பாட்டுக்குப் பறந்து போயிட்டா?"

செயலாளரின் முகம் சுண்டிப்போனது. "போகவிடக்கூடாது" என்றார். "அது உங்க பொறுப்பு."

தன் மனைவிக்குத் தேனீ ஆகாது என்பதையும் கண்ணாடிக்காரர் சொன்னார். செயலாளர் அனுதாபத்தோடு தலையாட்டினார். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வாரியமே இருக்கிறது என்றார். அப்புறம் பாதுகாப்பு வாரத்துக்கு அவளையும் கட்டாயம் அழைத்துவரச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் கடை வாசலில் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். ஒரு காவலாளி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேனீயிடமிருந்து ஜனங்களைக் காப்பது அவர் வேலை இல்லை. ஜனங்களிடமிருந்து தேனீயைக் காப்பதுதான் வேலை. 'வாரியத்தின் கூட்டம். நெருங்காதீர்' என்று சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பும் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே மாட்டினார்கள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் கண் சரியாகத் தெரியாதவர்கள். அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதன் அருகில் போய் நின்று படித்தார்கள். படித்துவிட்டு வந்த வேகத்தில் திரும்பினார்கள். கடையில் ஈயாடியது. ஈ என்றால் எந்த ஈ என்று கேட்டுக் காவலாளி தானே சிரித்துக்கொண்டார்.

மனைவி சும்மா இருக்கவில்லை. அவளுக்கு அண்ணன் முறையாகிற ஒருவர் ஊருக்கு வெளியே தேன் பெட்டிகள் வைத்திருந்தார். வாய் பெரிய மனுஷன். தன்னைப் பார்த்தால் தேனீயே எழுந்து நிற்கும் என்று சொல்லிக்கொள்கிற ஆள். மாலையில் ஒரு மரப்பெட்டியும் தூரிகையுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலையணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ப்பூ, இவ்வளவுதானா. பெட்டியைக் கீழ வெச்சு ஒரு தட்டு தட்டினா மொத்தமும் உள்ள விழுந்துடும்" என்றார்.

காவலாளி எழுந்து நின்றார். "தொடக்கூடாது. இது வாரியத்தோடது."

"யோவ், இது இப்ப வழிப்போக்கன்யா. வீடு தேடிட்டு வந்து இளைப்பாறிட்டு இருக்கு. வீடு இல்லாதவனுக்குச் சண்டை போட என்ன இருக்கு? இன்னிக்கு எடுத்தா எடுத்ததுதான். அந்தத் தகரத்துக்குள்ள புகுந்து அடை கட்டிடுச்சுன்னா அப்புறம் வீட்டுக்காரன் ஆயிடும். வாசல்ல நின்னு தும்மினாக்கூட வந்து கொட்டும்."

"அனுமதி இருக்கா?"

"தேனீக்கு இருக்கா?" என்று கேட்டார் மச்சான். அந்தக் கேள்வியைக் காவலாளி மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். மேலிடம் அதைக் கிண்டல் என்று தீர்மானித்து மச்சான் அந்தத் தெருவுக்குள் பெட்டியோடு வரத் தடை விதித்தது. அவர் எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது வெளியே தலையணை இல்லை. தகரக் கண்ணின் ஓரத்தில் இருந்த ஒரு பொத்தல் வழியாகத் தேனீக்கள் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. சுவரில் காதை வைத்தால் பழைய ஃபேன் ஓடுவதுபோல் இரைந்தது. கூட்டம் நிரந்தரமாகக் குடியேறியதற்காக வாரியத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். காவலாளி இரண்டு துண்டு கொண்டுவந்து கண்ணாடிக்காரருக்கும் ஒன்று தந்தார்.

"என்னங்க, இனிப்பு தின்னது போதும். ஊசியாவது வாங்கிடலாம், வாங்க" என்று மனைவி அவரை இழுத்துக்கொண்டு வாரியத்தின் இரண்டாவது மாடிக்குப் போனாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைச் சிகிச்சை அலுவலர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி கொட்டுப்பட்டவங்களுக்குத்தான்" என்றார்.

"கொட்டினா எனக்கு மூச்சு நின்னுடும் சார். அதுக்கு முன்னாடியே கையில இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"கொட்டுப்படாதவங்களுக்குக் குடுத்தா அது வீண்தானேம்மா. கொட்டினதும் நேர்ல வாங்க. வரும்போது அந்தக் கொடுக்கையும் ஆதாரத்துக்கு எடுத்துட்டு வாங்க. சில பேரு குளவி கொட்டினதை எடுத்துட்டு வந்து தேனீன்னு ஏமாத்தறாங்க."

"மூச்சு நின்னவ எப்படி சார் மாடி ஏறி வருவா?"

அலுவலர் கொஞ்சம் யோசித்தார். "கீழ லிஃப்ட் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அவள் பின்வாசல் வழியாகவே போய்வந்தாள். முன்கதவின் இடுக்குகளில் துணி அடைத்துவைத்தாள். அக்கா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வா என்று இவர் சொன்னதற்கு, "அவங்களுக்காக நான் எதுக்குங்க வீட்டை விட்டு ஓடணும்? முடிக்க வேண்டிய லென்ஸ் கிடக்கு" என்று சொல்லிவிட்டாள்.

பாதுகாப்பு வாரத்துக்கு முன்னோட்டமாகத் தெருவாசிகளுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. வந்தவர்களெல்லாம் எதிர்பார்த்தது தேனீ துரத்தினால் என்ன செய்வது என்று. கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி ஏதாவது ஒரு கதவுக்குள் புகுந்துகொள்ள வேண்டும் என்பதை விரிவுரையாளர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மீதி நேரமெல்லாம் கொட்டிய கொடுக்கை எப்படி எடுப்பது என்பதில் போனது. இந்த விஷயத்தில் வாரியம் நெடுங்காலமாக இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. விரலால் பிடுங்கி எடுக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. வாரியத்தில் வேலைக்குச் சேர்கிற எவரும் ஒரு வருஷத்துக்குள் தான் சுரண்டுகிறவரா பிடுங்குகிறவரா என்று சொல்லியாக வேண்டும். தலைவர் சுரண்டல்காரர். செயலாளர் பிடுங்கல்காரர். பதவி உயர்வெல்லாம் அதை வைத்துத்தான்.

"பிடுங்கினால் விஷப்பை நசுங்கும்" என்றார் சுரண்டல் அணி விரிவுரையாளர்.

"சுரண்டுவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் விஷம் முழுதும் இறங்கிவிடும்" என்று பின்வரிசையிலிருந்து பிடுங்கல் அணியைச் சேர்ந்த ஒருவர் எழுந்தார்.

தெருக்கோடி மருந்துக் கடைக்காரர் கையைத் தூக்கி, "எப்படியோ ஒண்ணு, சீக்கிரம் எடுத்தா சரியா? எடுத்துட்டு சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைக்கலாமில்ல?" என்று கேட்டார். இரண்டு அணியும் ஒன்று சேர்ந்து அவரை உட்காரச் சொன்னன. வாரியத்தின் வரலாற்றில் இரு அணிகளும் ஒத்துப்போனது அன்று ஒருநாள்தான்.

வகுப்பு முடிந்ததும் செயலாளர் கண்ணாடிக்காரரின் தோளில் கையைப் போட்டார். பாதுகாப்பு வாரத்தில் நடக்கப்போகிற முதலுதவி ஒத்திகையில் கொட்டுப்பட்டவராக நடிக்க இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். இடத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் இது கௌரவமாம். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுநாளே ஒத்திகைக்கு ஒத்திகை ஆரம்பித்தது. பெஞ்சில் படுத்துக்கொண்டு ஒரு தடவை 'ஐயோ' என்று சொல்ல வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் வலி வேணும்" என்றார் செயலாளர். "ஆனா அந்த வலியில வாரியத்து மேல நம்பிக்கையும் தெரியணும்."

கண்ணாடிக்காரர் நம்பிக்கையோடு ஐயோ என்றார். மூன்று நாள் பழகிய பிறகு சரி என்றார்கள்.

பாதுகாப்பு வாரம் வந்தது. கடைக்கு எதிரே மேடை போட்டார்கள். ஒலிபெருக்கி மாட்ட உயரமான இடம் வேண்டும் என்று தேடி, கடைசியில் தகர மூக்குக்கண்ணாடியின் வலது கண்ணில் கட்டினார்கள். அது வேண்டாங்க, உள்ளே கூடு இருக்கிறது என்று கண்ணாடிக்காரர் சொல்லிப் பார்த்தார். கூடு இருப்பதால்தானே விழாவே இங்கே நடக்கிறது என்று கட்டுகிறவர் திருப்பிச் சொன்னார். மேடை ஓரத்தில் கண்காட்சி. நடுவே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டுத் துணிமேல், பேனா மாதிரி ஓர் ஊசி. பெட்டியைச் சுற்றி ரிப்பன். விழா முடிவில் தலைவர் வெட்டித் திறந்துவைப்பதாக ஏற்பாடு. கடைக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர் மனைவி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேண்டு வாத்தியம் முழங்கியது. கண்ணாடிக்காரர் கையிலும் கழுத்திலும் சிவப்புப் பொட்டுகளோடு பெஞ்சில் படுத்திருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஊரில் கொட்டுப்படுகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. எப்படிக் குறைத்தோம்? முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் வந்து என்னைக் கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஒழுங்கீனத்தை நிறுத்தினோம். இன்று கொட்டுப்பட்டவர் என்று பெயர் வாங்குவது அவ்வளவு சுலபம் இல்லை. உண்மையான தகுதி வேண்டும். மருந்து விஷயத்துக்கு வருகிறேன். கடை கடையாகச் சிதறிக் கிடந்த ஊசிகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தோம். சென்ற வருடம் ஓர் ஊசிகூட வீணாகவில்லை. ஏன் வீணாகவில்லை? ஓர் ஊசிகூட வெளியே போகவில்லை."

வாரியத்தார் கை தட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டியிருந்த தகரம் ஒவ்வொரு சொல்லுக்கும் அதிர்ந்தது. படுத்திருந்த கண்ணாடிக்காரருக்கு மேலே பார்க்கத்தான் முடிந்தது. பொத்தல் வாயில் தேனீக்கள் வந்து கும்பலாக நிற்பதை அவர் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தார். தன் பங்குக்கு ஓர் ஐயோதான் எழுதியிருந்தது.

"தேனீயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை" என்று சொல்லிக்கொண்டே தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "தேனீ நமக்கு நண்பன். இதோ." வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியை நீட்டித் தகரக் கண்ணை இரண்டு தட்டுத் தட்டினார்.

தேனீக்கள் வந்தன.

கண்ணாடிக்காரர் 'ஐயோ' என்றார். மிக இயல்பாக இருந்தது என்று பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்தது, வாரியத்தின் கையேட்டில் செய்யக்கூடாதவை என்று போட்டிருந்த பக்கத்தை வரிசையாக நடித்துக் காட்டியதுபோல் இருந்தது. தடுப்பு அலுவலர் கையேட்டாலேயே தேனீயை அடித்தார். மதிப்பீட்டு அலுவலர் எதிரிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் குதித்து, மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும்போதெல்லாம் கொட்டு வாங்கினார். விரிவுரையாளர் வட்டவட்டமாக ஓடினார். தலைவரும் செயலாளரும் சிகிச்சை அலுவலரும் மட்டும் வாரியத்தின் வேனுக்குள் பாய்ந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். போகிற போக்கில் செயலாளர் கண்காட்சிப் பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு போனார். அது அரசாங்கச் சொத்து.

பேண்டு வாத்தியக்காரர்கள் போக இடம் தெரியாமல் தெரு நடுவே நின்றார்கள். அப்போது கடையின் முன்கதவு திறந்தது. "கையை வீசாதீங்க. மூஞ்சியை மூடிட்டு நேரா உள்ள வாங்க" என்று அவர் மனைவி கத்தினாள். வாத்தியக்காரர்கள் ஓடி வந்தார்கள். கடைசியாகக் கண்ணாடிக்காரரை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கதவைச் சாத்தினாள். துணியை மறுபடி இடுக்கில் திணித்தாள்.

டிரம் அடிக்கிறவரின் காலரிலிருந்து ஒரே ஒரு தேனீ எழுந்து அவள் கழுத்தில் உட்கார்ந்தது.

"என்னங்க" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். டிரம்காரர் பதறி நகத்தாலோ விரலாலோ அந்தக் கொடுக்கை உடனே எடுத்து எறிந்தார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதடு தடித்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள், பாதியில் நின்றது. ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். விழாவுக்காகத் தெருவின் இரண்டு முனையையும் வாரியம் அடைத்திருந்ததால், முக்கில் வந்து நின்று இறங்கித்தான் வர வேண்டும் என்றார்கள். அவள் கையைத் தூக்கிக் கதவுக்கு வெளியே காட்டினாள். அந்தக் கையின் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

கண்ணாடிக்காரர் மேசை விரிப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினார். எத்தனை கொட்டியது என்று அவருக்குத் தெரியவில்லை. வேனின் ஜன்னலில் இரண்டு கையாலும் அடித்தார்.

"சார், ஊசி. என் மனைவிக்கு மூச்சு முட்டுது."

ஜன்னலுக்குப் பின்னால் செயலாளர் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். "கதவைத் திறக்க முடியாது" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார். "தாக்குதல் நடக்கும்போது எந்தக் கதவையும் திறக்கக்கூடாது. கையேட்டிலேயே இருக்கு."

"ஜன்னலைக் கொஞ்சமா இறக்கிக் குடுங்க சார்."

"கொடுக்கு கொண்டுவந்தீங்களா?" என்றார் பின்சீட்டில் இருந்த சிகிச்சை அலுவலர்.

"சுரண்டித்தானே எடுத்தீர்கள்?" என்றார் தலைவர்.

"பிடுங்கித்தான் எடுத்திருப்பார்" என்றார் செயலாளர். "அவசரத்துக்குப் பிடுங்கறதுதான் வழி. இப்பவாவது ஒத்துக்கோங்க."

"இந்த நேரத்தில் அரசியல் பேசாதீர்கள்" என்றார் தலைவர். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பொறுமையாக விளக்கினார்: "அது காட்சிப் பொருளப்பா. இன்னும் திறந்துவைக்கவில்லை. ரிப்பன் அப்படியே இருக்கிறது பார்."

கண்ணாடிக்காரர் பிறந்ததிலிருந்து கோபத்தில் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை. அவர் தொழில் அப்படி. விழுந்து கிடந்த மைக் ஸ்டாண்டை எடுத்து, அதன் இரும்பு அடியால் வேனின் ஜன்னலை உடைத்தார். கையை உள்ளே விட்டுப் பெட்டியைப் பிடுங்கினார். செயலாளர் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஜன்னல் வழியாகப் பறந்துகொண்டிருந்த மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டதால் விட்டுவிட்டார்.

கடைக்குள் வந்து பெட்டியைத் தரையில் அறைந்து உடைத்தார். ரிப்பன் முழுசாக இருந்தது. ஊசியின் மூடியை இழுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துத் தன் தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்தாள். அழுத்தினார். உள்ளே 'டிக்' என்று ஒன்று விடுபட்டது. எடுக்காதே என்பதுபோல் அவள் அவர் கைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சில நிமிஷம் கழித்து அவள் மூச்சு பாதியில் நிற்காமல் முழுசாகப் போய் வந்தது. டிரம்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

"உக்காந்துட்டா போதாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று அவள்தான் சொன்னாள். குரல் கரகரத்தது. பின்வாசலில் நின்ற வாத்தியக்காரர்களின் வண்டியில், டிரம்மைக் கீழே இறக்கிவிட்டு அந்த இடத்தில் அவளைக் கால் நீட்டி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டு, மறுநாள்வரை வைத்திருந்து அனுப்பினார். காலியான பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டு, இது காலாவதியாகி ரெண்டு மாசம் ஆச்சே, ஏதோ உங்க நல்ல நேரம் என்றார். பக்கத்து ஊரில் ஒரு மருந்துக் கடையின் பெயரைச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தகர மூக்குக்கண்ணாடியை ஒரு சாயங்காலம் மச்சான் அப்படியே கழற்றி, துணியில் சுற்றி, தடையை மீறி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். காவலாளி அந்தச் சமயம் டீ குடிக்கப் போயிருந்தார். மச்சான் வருகிற நேரம் பார்த்து அவர் டீ குடிக்கப் போனதாகவும் சொல்கிறார்கள். இருக்கலாம். அவரையும் அன்றைக்கு நன்றாகக் கொட்டியிருந்தது.

வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. விசாரித்தவர்கள் தலைவரும் செயலாளரும். விசாரிக்கப்பட்டவர் கண்ணாடிக்காரர். தலைவரின் இடது கண் இன்னும் பாதிதான் திறந்தது. காட்சிப் பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்தியது, வாரியத்தின் வாகனத்துக்குள் தேனீக்களை அனுமதித்தது, ஒத்திகை முடியும்முன் பெஞ்சைவிட்டு எழுந்தது என்று குற்றங்களைச் செயலாளர் படித்தார்.

"உங்க வேன்ல மூணு பேரு இருந்தீங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி. "ஒருத்தர்கூட ஊசியைத் தூக்கிக் குடுக்கலை."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்க பிழைச்சிட்டீங்க இல்லையா? எந்த ஊசியால பிழைச்சீங்க? வாரியத்தோட ஊசியால. அதைத்தான் ஆண்டறிக்கையில எழுதப் போறோம்" என்றார் செயலாளர்.

கண்ணாடிக்காரருக்குக் கடுமையான எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. ஒத்திகையில் கலந்துகொண்ட ஒருவர்கூட இறக்கவில்லை என்பதால் பாதுகாப்பு வாரம் மாபெரும் வெற்றி என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். செயலாளர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

இவர்களும் எழுந்தபோது, "நீங்க கொஞ்சம் இருங்க" என்றார் தலைவர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது.

"எனக்கும் ஆகாதுன்னுட்டாரும்மா டாக்டர்" என்றார். "அன்னிக்கு வேன்ல அத்தனை கொட்டுச்சில்ல. இனிமே ஒண்ணு கொட்டினாக்கூட ஆபத்தாம். எப்பவும் ஊசி பையில இருக்கணும்னாரு."

"கீழ ரெண்டாவது மாடியில இருக்கே" என்றார் கண்ணாடிக்காரர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

"கேட்டேன். சிகிச்சைப் பிரிவு பிடுங்கல் அணி கையில இருக்கு. பரிசீலனையில இருக்குங்கறாங்க." தலைவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "உங்க டாக்டர் ஏதோ ஒரு கடை சொன்னாங்களாமே."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலைவரின் வீங்கிய கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் சரியாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது.

"பக்கத்து ஊரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடை" என்றாள். "வெளியில வெக்க மாட்டாங்க. பின்னாடி, பால் பவுடர் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பாங்க. கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. ஆனா வாரியத்திலேருந்து வர்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இல்லவே இல்லைன்னுடுவாங்க."

அன்று மாலை வாரியத்தின் தலைவர் வேனை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். தையற்கடை வைத்திருக்கிறேன் என்றாராம் தலைவர்.